காலியாகாத சட்னி வாளி

வரலட்சுமியின் ஸ்கூட்டரில் பின்சீட்டோடு கட்டியிருக்கும் நீலநிற ஐஸ்பெட்டியைப் பார்த்து ஏமாந்தவர்கள் பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் இருக்கிறார்கள். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் ஆசையாக எட்டிப் பார்த்து, "இன்னா மீனும்மா?" என்பார். "சட்னிண்ணா" என்பாள் வரலட்சுமி. அதற்குள் பச்சை விழுந்துவிடும். அவர் முகம் எப்படிப் போனது என்று பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் இருந்தது சட்னிதான். அம்பத்தூரில் பிறந்து, அம்பத்தூரிலேயே வாழ்க்கைப்பட்டு, நுண்ணுயிரியலில் வாங்கிய பட்டத்தை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் பிள்ளை வளர்த்தவள் அவள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சில வருஷம் சர்க்கரை பார்த்தாள். அப்புறம் ஒரு மருத்துவக் கல்லூரியின் பொதுச் சுகாதாரத் துறையில் களப்பணிக்கு ஆள் கேட்டார்கள், போய்ச் சேர்ந்தாள். ஓட்டலில் சாப்பிட்டு வாந்திபேதி வராமல் தடுப்பது எப்படி என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. கடை கடையாகப் போய்ச் சட்னியிலும் சாம்பாரிலும் ஒரு கரண்டி வாங்கி, ஐஸில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதில் கிருமி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பிறகு கடைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, மறுபடியும் போய் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"டிகிரி படிச்சவ சட்னி வாங்கப் போறா பாரு" என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும். அந்தத் தெருவில் எத்தனை பேருக்குத் தங்கள் வேலையை நினைத்து விடியற்காலையில் எழுந்திருக்கத் தோன்றுகிறது என்று கேட்டால் தெரிந்துவிடும். வரலட்சுமிக்குத் தோன்றியது. அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மூத்தவள் ரோஷினி வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். சாயங்காலமானால் தோழிகளோடு அவள் தோசை சாப்பிட உட்காருவது இந்த நெடுஞ்சாலைக் கடைகளில்தான். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற வயதா அது?

ஓட்டல்காரர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பெட்டியைப் பார்த்ததுமே, கடைக்குப் பூட்டுப் போட வந்த அதிகாரி என்று நினைத்தார்கள். வேலப்பன்சாவடியில் மெஸ் வைத்திருக்கும் ஜெகதாம்பாள் கையில் தோசைத் திருப்பியோடுதான் வாசலுக்கு வந்தாள். அந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் அடுக்குமாடியாகிவிட்டது, இவள் அடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமே, ஆபீசரா?"

"ஆபீசர் இல்லக்கா. ஆராய்ச்சி."

"ரெண்டும் ஒண்ணுதான். ஒருத்தர் வந்து மூடுவாரு, ஒருத்தர் வந்து எய்துவாரு."

"உங்க கடை பேரு எங்கயும் வராதுக்கா. வெறும் நம்பர்தான் போடுவோம். இது நான் குடுக்கிற வாக்கு."

ஜெகதாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு கரண்டி சட்னியை எடுத்துக் கொடுத்தாள். அதே வாக்கை ஒவ்வொரு கடையிலும் கொடுத்துத்தான் வரலட்சுமி ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தாள்.

முதல் சுற்று முடிவில், எல்லாக் கடையும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே கதையைச் சொன்னது. காலையில் எடுத்த தேங்காய்ச் சட்னி தங்கம். மத்தியானம் சுமார். சாயங்காலம் எடுத்தது வயிற்றுக்கு ஆகாது. வெயிலில் தேங்காய் கெட்டுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று, கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள், மூடி வையுங்கள், கை கழுவுங்கள், நகம் வெட்டுங்கள் என்று கடை கடையாகப் பாடம் நடத்தினார்கள். கடைக்காரர்களும் நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள். சோப்பு வந்தது, மூடி வந்தது, ஒரே தடவையில் அரைத்து வைக்கிற பழக்கமும் போனது. நாளுக்கு நாலு தடவை புதிதாக அரைக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் சுற்றில் எடுத்துப் பார்த்தால் சாயங்காலச் சட்னி பழைய குருடி கதவைத் திறடி.

ஆராய்ச்சிக்குத் தலைவர் டாக்டர் கங்காதரன். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். முடிவுகளைப் பார்த்துவிட்டு, "பயிற்சியால பலன் இல்லைன்னு வந்தா, அதுவும் ஒரு முடிவுதான் வரலட்சுமி. உள்ளதை உள்ளபடி எழுதி முடிச்சிடுவோம்" என்றார்.

"உங்களுக்கு முடிவு சார். சாயந்தரம் சாப்பிட வர்ற பசங்களுக்கு?"

அவருக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொங்கல் வரைக்கும்தான் இந்த வேலைக்கு அனுமதி. அதுக்குள்ள காரணம் தெரிஞ்சா பார்ப்போம். இல்லைன்னா மூடத்தான் வேணும்" என்றார்.

மூடுவது என்றால் என்ன என்று வரலட்சுமிக்குத் தெரியும். 'ஓட்டல்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை' என்று ஒரு காகிதம் போய் அலமாரியில் உட்காரும். அதற்கப்புறம் யாரும் அவர்கள் வாசலை மிதிக்க மாட்டார்கள். சட்னி அதுபாட்டுக்குச் சாயங்காலமானால் கெட்டுக்கொண்டிருக்கும். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக அரைத்த சட்னி, கழுவின கை, சுத்தமான தண்ணீர். பிறகு எந்த வழியாக உள்ளே நுழைகிறது சனியன்?

மறுநாள் கடை திறக்கும்போதே ஜெகதாம்பாள் மெஸ்ஸில் போய் நின்றாள். "இன்னிக்குப் பூரா உள்ள ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்க்கா."

"குந்து. ஆனா சொம்மா குந்தாத, வெங்காயம் உரி."

கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே வரலட்சுமி பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கை கழுவாமல் ஒருத்தரும் கரண்டியைத் தொடவில்லை. இட்லிக்கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது பரிமாறுகிற பையன்கள் சட்னி வாளியை உள்ளே கொண்டுவந்தார்கள். அடியில் இரண்டு கரண்டி சட்னி கிடந்தது. கிரைண்டரிலிருந்து புதிதாக அரைத்ததை எடுத்து அதன் தலையில் ஊற்றித் தாளித்துக் கொட்டி, வாளியை வெளியே அனுப்பினார்கள். மத்தியானத்துக்கு முன்னால் மறுபடி வாளி வந்தது. மறுபடியும் அடியில் இரண்டு கரண்டி. மறுபடியும் அதன் மேலேயே புதுசு.

வெங்காயமும் கத்தியும் மடியில் இருக்க, வரலட்சுமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலைச் சட்னி மத்தியானச் சட்னிக்குள் இருக்கிறது. மத்தியானச் சட்னி சாயங்காலச் சட்னிக்குள் இருக்கிறது. நாலு தடவை இல்லை, நாற்பது தடவை அரைத்தாலும் வாளிக்கு அடியில் விடியற்காலை உட்கார்ந்திருக்கிறது. பாலுக்குத் தயிர் உறை ஊற்றுகிறோமே, அதுபோல நல்ல சட்னிக்குக் கெட்ட சட்னியை உறை ஊற்றுகிறார்கள்.

"யக்கா, அந்த வாளிய ஒரு வாட்டி கழுவிட்டு ஊத்தினா இன்னா?"

"கய்வாமையா கீறோம்? ராத்திரி கடை மூடினதும் வெந்நீ ஊத்தி கய்வுறோமே."

"ராத்திரி சரிக்கா. இப்போ, நடுவுல."

ஜெகதாம்பாளின் கை நின்றது. "நல்லா கீதே கதை! கடை நடந்துகினு கீது. ஜனம் எலை முன்னாடி குந்திகினு கீது. வாளிய வழிச்சுத் தொடச்சுக் கவுக்கச் சொல்றியா? லட்சுமி எய்ந்து போயிடுவா. கடை மூடற வரைக்கும் வாளி காலியாவக் கூடாதும்மே. இது கூடவா உனக்குத் தெரியாது?"

தெரியாமல் என்ன? வரலட்சுமிக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் இத்தனை நாள் இது கண்ணில் படவே இல்லை. மிச்சச் சட்னியை வைத்துக்கொள்கிறீர்களா என்று எல்லாக் கடையிலும் கேட்டிருந்தார்கள். இல்லவே இல்லை, ராத்திரி கொட்டிவிடுகிறோம் என்று எல்லோரும் நிஜத்தைத்தான் சொன்னார்கள். வாளிக்கு அடியில் விடுகிற இரண்டு கரண்டியை யாரும் மிச்சம் என்று நினைக்கவில்லை. அது மரியாதைக்கு விடுவது. அடுத்த சில நாட்களில் மற்றக் கடைகளிலும் போய் இதை மட்டும் விசாரித்தாள். ஒருத்தர் ராசி என்றார், ஒருத்தர் கல்லாவுக்கு ஆகாது என்றார், ஒருத்தர் என்ன கேள்வி இது என்று முறைத்தார். வாளியைப் பகலில் காலியாக்கும் கடை ஒன்றுகூட இல்லை.

கடைசிக் கடையையும் விசாரித்த அன்று, வீட்டுக்கு வந்து உலை வைக்க அரிசி டிரம்மைத் திறந்தாள். அடியில் ஒரு பிடி அரிசி கிடந்தது. பக்கத்தில் புது மூட்டை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஒரு பிடி இல்லாமல் அவள் புது மூட்டையைக் கொட்டியதில்லை. ஊருக்குத்தான் உபதேசம்! டிரம்மைத் துடைத்துக் கவிழ்க்கச் சொல்லி டாக்டர் கங்காதரனே வந்து நின்றாலும் அவள் கேட்பாளா? மாட்டாள். கிருமியும் கண்ணுக்குத் தெரிவதில்லை, லட்சுமியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத இரண்டில், அள்ளிக் கொடுக்கிறவளை விட்டுவிட்டுப் பேதி கொடுக்கிறதை எவன் நம்புவான்? வரலட்சுமி டிரம்மின் மூடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். வெறுமை ஆகாது, சரி. ஆனால் பழையதுதான் உள்ளே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

விடிந்ததும் நேராக மெஸ்ஸுக்குப் போனாள்.

"யக்கா, ரெண்டு வாளி வெச்சுக்கோ. ஒண்ணு ஓடட்டும். இன்னொண்ண வெந்நீ ஊத்திக் கழுவி, உடனே ஒரு கை கல்லுப்பு போட்டு வெச்சிடு. அது மேல புதுச் சட்னிய ஊத்து. அப்போ வாளி காலியா இருக்காதே?"

ஜெகதாம்பாள் கண்ணைச் சுருக்கினாள். "இது சாஸ்திரத்துல கீதா, நீயே கட்டிகினு வந்தியா?"

"நானே கட்டினதுதான்க்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா புது ஊட்டுக்குப் பால் காய்ச்சப் போறப்போ மொதல்ல இன்னா எடுத்துகினு போறோம்?"

ஜெகதாம்பாள் ஒரு தோசையை வார்த்தாள், திருப்பினாள், எடுத்துத் தட்டில் போட்டாள். வரலட்சுமி தோசைத் திருப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பொம்பளை முடியாது என்றால் வேறு எந்தக் கடையும் முடியாது என்றுதான் சொல்லும்.

"அப்போ அரைக்கிறப்போ உப்ப கொறைச்சுப் போடணும். இல்லாங்காட்டி வாயில வெக்க முடியாது" என்றாள் ஜெகதாம்பாள்.

அன்று சாயங்காலம் எடுத்த சட்னி, காலையில் எடுத்தது மாதிரியே இருந்தது. ஆய்வுக்கூடத்தில் அதைப் பார்த்தபோது வரலட்சுமி யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் கங்காதரன் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். ஆனால் அவர் ஆராய்ச்சிக்காரர். "ஒரு கடையை வச்சு ஊரைச் சொல்ல முடியாது. கடைகளைச் சீட்டுக் குலுக்கிப் பாதியாப் பிரிப்போம். ஒரு பாதிக்கு இப்போ சொல்லுவோம். நிஜமாவே பலன் இருந்தா உடனே மறு பாதிக்கும் சொல்லிடுவோம்" என்றார். பிறகு தயங்கி, "ஆனா அந்த மெஸ்ஸைச் சேர்க்கக் கூடாது. கண்டுபிடிச்ச இடத்துலயே சோதிச்சா, நமக்கு நாமே மார்க் போட்டுக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அதை ஜெகதாம்பாளிடம் போய்ச் சொல்ல வேண்டியவள் வரலட்சுமி.

"வெங்காயம் உரிச்சது எங்கடையில, கணக்கு எடுக்கிறது அடுத்தவன் கடையிலயா?" என்று ஜெகதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல நாள் பேசவில்லை. வரலட்சுமி போனால் தண்ணீர் மட்டும் வந்தது, வார்த்தை வரவில்லை.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் கணக்கு வந்தது. உப்பு வாளி வைத்த கடைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் சாயங்காலச் சட்னி தேறிவிட்டது. மற்றக் கடைகளில் பழையபடியேதான். டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இனி எல்லாருக்கும் சொல்லியாகணும். நீங்கதான் சொல்லணும்" என்றார்.

வட்டாரத்து ஓட்டல்காரர்களின் சங்கக் கூட்டம் திருவேற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சங்கத் தலைவர் செங்கல்வராயன், நெடுஞ்சாலையில் இரண்டு மாடி ஓட்டல் வைத்திருப்பவர். கெட்டவர் இல்லை. ஆனால் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம். ஆராய்ச்சிக்குத் தன் கடையைச் சேர்க்கவே மாட்டேன் என்று சொன்னவர் அவர். சங்கம் தலையாட்டினால் அந்த வட்டாரம் முழுக்க இரண்டு வாளி வந்துவிடும். இல்லையென்றால் ஆராய்ச்சியில் சேர்ந்த கடைகள்கூட ஊரோடு ஒத்துப் பழைய வாளிக்கே திரும்பிவிடும்.

வரலட்சுமி ஒரு விளக்கப்படத்தை விரித்து மாட்டிவிட்டு, மைக் முன்னால் நின்று, ஒரு கடையில் தான் பார்த்ததைச் சொன்னாள். உறை ஊற்றுகிற விஷயத்தைச் சொன்னபோது சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். செங்கல்வராயன் கையைத் தூக்கினார்.

"எந்தக் கடைம்மா அது?"

"பேரு சொல்ல முடியாதுங்க. வாக்குக் குடுத்திருக்கோம்."

"பேரு இல்லாத கடை, முகம் இல்லாத ஆளு. யார் வேணா இன்னா வேணா சொல்லலாம். எங்க ஆளுங்க எவனும் பழசு மேல புதுச ஊத்தறதில்ல. அப்படி ஒரு கடை இருந்தா பேரைச் சொல்லு. இல்லையா, உங்க படத்தைச் சுருட்டிகினு கெளம்புங்க."

மண்டபத்தில் கைத்தட்டல் எழுந்தது. டாக்டர் கங்காதரன் பாதி எழுந்து நின்றார். வரலட்சுமி மைக்கைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பேர். அந்த ஒரு பேரைச் சொன்னால் இவர் வாய் மூடிவிடும். நம்பிக் கதவைத் திறந்துவிட்டவளைச் சபையில் விற்று ஜெயிப்பதற்கு, தோற்றுப் போவதே மேல்.

"சொல்ல மாட்டேங்க" என்றாள்.

"அப்போ அப்படி ஒரு கடையே இல்லைன்னு அர்த்தம்" என்று செங்கல்வராயன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

"ஏன்யா இல்ல? எங்கடைதான் அது!"

கடைசி வரிசையில் ஜெகதாம்பாள் எழுந்து நின்றாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். "வேலப்பன்சாவடி ஜெகதாம்பாள் மெஸ்ஸு. நல்லாப் பாத்துக்கோங்க."

"யக்கா, வேணாம், உக்காருங்க" என்று வரலட்சுமி மைக்கிலேயே பதறினாள்.

"நீ கம்முனு இரு. வாக்கு நீ குடுத்த, நான் குடுக்கல."

யாரோ ஒருவர், "அப்போ உன் கடைச் சட்னி கெட்டதுதானா?" என்று கேட்டார்.

"ஆமா, கெட்டுதான் கெடந்துச்சு" என்றாள் ஜெகதாம்பாள். குரல் ஒரு இழை நடுங்கியது. அதை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "எங்கடையில துன்னுட்டு எத்தினி புள்ளைங்க வயித்தப் புடிச்சுகினு போச்சோ, எனக்கே தெரியாது. நெனைச்சா வேதனையா கீது. ஆனா இன்னிக்கு என் சாயந்தரச் சட்னிய எவன் வேணா எடுத்துப் பாக்கலாம். உன் கடையிலயும் அதான் நடக்குது. எனக்குத் தெரிஞ்சு போச்சு, உனக்குத் தெரியல. அவ்ளோதான் வித்தியாசம்." பிறகு மேடையைப் பார்த்தாள். "தலைவரே, சாமி சத்தியமா சொல்லு. கடை நடக்கிறப்போ நீ வாளிய வழிச்சுக் காலி பண்றியா?"

செங்கல்வராயன் மேல்துண்டைச் சரிசெய்தார். மாலையோடு மாட்டியிருந்த சாமி படத்தை ஒரு பார்வை பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம், தடுக்க அங்கே யாரும் இல்லை.

"அது எப்படிம்மா காலி பண்றது?" என்றார் மெதுவாக. "ரெண்டு கரண்டி விட்டுத்தான் ஊத்துவோம்."

முன்வரிசையில் ஒருவர் தலையாட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் ஆட்டினார். எங்க கடையிலயும்தான், எங்களுதும்தான் என்று மண்டபம் சலசலத்தது. டாக்டர் கங்காதரன் உட்காரவும் மறந்து பாதி எழுந்தபடியே நின்றார்.

வரலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தபோது கூட அவளுக்கு இந்த அளவு பெருமை வரவில்லை. இது எங்க ஊர்ப் பொம்பளை, எங்க ஊர்க் கடை என்று அந்த மைக்கிலேயே கத்த வேண்டும் போல் இருந்தது.

செங்கல்வராயன் மேடையை விட்டு இறங்கி, மைக் முன்னால் நின்ற வரலட்சுமியிடம் வந்தார். "நாளைக்கு நம்ம கடைக்கு வந்து அந்த வாளி வெக்கிறதச் சொல்லிக் குடும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரு மட்டும் வெளிய வராது இல்ல?" என்று கேட்டார்.

மைக் அணைக்கப்படாமலே இருந்தது. மண்டபமே கொல்லென்று சிரித்தது. எல்லோருக்கும் மேலாக ஜெகதாம்பாளின் சிரிப்புக் கேட்டது.

"வராதுங்க" என்றாள் வரலட்சுமி. "நான் வாக்குக் குடுக்கிறேன்."